பல்லைத் தின்ற பழம்

ஒரு மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரை இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாக உலகம் கேலி செய்துகொண்டிருக்கிறது.

அவர் பெயர் எக்னேஷியஸ். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் அரை நூற்றாண்டு முன்பு ரோமாபுரியில் உலாவிய ஆசாமி. பூர்விகம், இன்றைய ஸ்பெயினில் இருக்கும் செல்ட்டிபீரியா என்ற பகுதி. மனிதருக்குப் பளீர் வெள்ளைப் பற்கள். அதை நாலு பேர் பார்க்க வேண்டுமே! அதற்காக எந்நேரமும் இளித்தபடி இருப்பார். கோர்ட்டில் வக்கீல் உருக்கமாக வாதாடிக்கொண்டிருப்பார், இவர் சிரிப்பார். இழவு வீட்டில் பெற்றவள் கதறிக்கொண்டிருப்பாள், அங்கேயும் சிரிப்பார். கட்டுலஸ் என்ற கவிஞருக்குப் பொறுக்கவில்லை. கவிதை எழுதி மானத்தை வாங்கிவிட்டார். கூடவே, அந்தப் பல் எதைப் போட்டுத் தேய்த்ததால் அத்தனை வெள்ளை என்ற ரகசியத்தையும் போட்டு உடைத்துவிட்டார்.

சிறுநீர். அதுவும் சொந்தச் சரக்கு.

முகத்தைச் சுளிக்காதீர்கள். அதில் ஒரு கணக்கு இருந்தது. சிறுநீரைச் சில நாள் அப்படியே விட்டுவைத்தால் அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறும். அம்மோனியா அழுக்கை எடுக்கும். ரோமாபுரியின் சலவைக்காரர்கள் அதை வைத்துத்தான் துணி வெளுத்தார்கள். அந்தத் தொழிலுக்கு வேண்டிய சிறுநீருக்கு வெஸ்பாசியன் சக்கரவர்த்தி வரியே போட்டார். (பி.காம் படித்தவனுக்கு வரி என்ற வார்த்தையைத் தாண்டிப் போக மனசு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.) 'இதற்குப் போயா வரி?' என்று மகன் டைட்டஸ் முகம் சுளிக்க, வசூலான நாணயத்தை அவன் மூக்கருகே நீட்டி, நாற்றம் அடிக்கிறதா என்று அப்பா விசாரித்ததாகக் கதை உண்டு.

துணியை வெளுக்கிற சாமான் பல்லையும் வெளுக்கும். இதுதான் அந்தக் காலத்து யோசனை. ரோமாபுரி போயே போய்விட்டது. யோசனை போகவில்லை.

நம் வீட்டு யோசனை கொஞ்சம் வாசனையானது, அவ்வளவுதான். கார்த்திகை வந்தால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியால் பித்தளைச் சொம்பைத் தேய்த்தால் தங்கம் மாதிரி மின்னுகிறது. அப்படியானால் பல்லும் மின்னாதா? கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது வீட்டில் யாராவது ஒரு பெரியம்மா ஆரம்பிப்பார். "எலுமிச்சைத் தோலில் கொஞ்சம் உப்பு வெச்சுப் பல்லுல தேயேன்டி. பத்தே நாள்ல முத்து மாதிரி ஆயிடும்." பத்திரிகைகளின் அழகுக் குறிப்புப் பக்கங்களும் இதற்குச் சளைத்தவை அல்ல. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல், பப்பாளி, கொஞ்சம் வசதியான வீடென்றால் ஸ்ட்ராபெர்ரி. எல்லாம் இயற்கை. காசு செலவில்லை. பக்கவிளைவும் இல்லை.

இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது.

*

முதலில் பல்லைப் பற்றிக் கொஞ்சம். கொஞ்சம்தான், பயப்படாதீர்கள்.

நாம் வெளியே பார்ப்பது எனாமல். மனித உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 சதவிகிதம் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். அதற்கு அடியில் டென்டின் என்று இன்னொரு அடுக்கு. அதன் இயற்கையான நிறமே மஞ்சள்தான். எனாமல் கொஞ்சம் ஒளி ஊடுருவும் பொருள் என்பதால், உள்ளே இருக்கும் மஞ்சள் லேசாக வெளியே தெரியும். ஆக, ஆரோக்கியமான பல் என்பது சுண்ணாம்பு வெள்ளை கிடையாது. லேசான தந்த நிறம். சினிமா போஸ்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறவர்களுக்குத்தான் அது கறையாகத் தெரிகிறது.

இன்னொரு சமாச்சாரம். எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் வளரும். எனாமல் வளராது. அதை உருவாக்கிய செல்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு மறைந்துவிடுகின்றன. எச்சிலில் இருக்கும் தாதுக்கள் சின்னச் சின்னப் பாதிப்புகளைப் பூசி மெழுகித் தரும். அடுக்கே கரைந்து போனால் போனதுதான். கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒரு அத்தியாயம் உண்டு. ஒரு மெஷின் வருஷா வருஷம் எவ்வளவு தேய்கிறது என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் புது மெஷின் வாங்கப் பணம் ஒதுக்குவார்கள். எனாமல் கணக்கில் தேய்மானம் மட்டும்தான் உண்டு. புது மெஷின் கிடையாது.

இப்போது எலுமிச்சைக்கு வருவோம். வீட்டில் பளிங்குத் தரை இருந்தால், எலுமிச்சைச் சாறு சிந்திய இடத்தைக் கவனித்திருப்பீர்கள். துடைத்தாலும் அங்கே ஒரு மங்கலான தடம் நின்றுவிடும். கறை இல்லை அது. கல்லின் மேற்பரப்பையே அமிலம் தின்றிருக்கிறது. பளிங்கிலும் கால்சியம், பல்லிலும் கால்சியம்.

அமிலத்தின் வீரியத்தை பி.ஹெச் என்ற அளவில் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. குறையக் குறைய அமிலம் அதிகம். ஒவ்வொரு எண் இறங்கும்போதும் பத்து மடங்கு. எனாமல் கரைய ஆரம்பிப்பது சுமார் 5.5-ல். எலுமிச்சைச் சாறு நிற்கும் இடம் 2-க்கும் 2.5-க்கும் நடுவில். அதாவது, எனாமல் தாங்கக்கூடிய எல்லையைவிட ஆயிரம் மடங்குக்குக் குறையாத அமிலம்.

ஆனால், தேய்த்த அன்று பல் வெள்ளையாகத்தானே தெரிகிறது? தெரியும். மேலே இருந்த கறையோடு எனாமலின் மேல்தோலும் கொஞ்சம் கரைந்திருக்கிறது அல்லவா? சொரசொரப்பாகிவிட்ட பரப்பில் வெளிச்சம் சிதறுவதால் ஒரு வெளுப்பும் தெரியும். ஆபத்தே அங்கேதான். அடுத்த வாரம் அந்தச் சொரசொரப்பில் டீக்கறை முன்னைவிடச் சீக்கிரம் ஒட்டும். மறுபடி எலுமிச்சை. மறுபடி கரைதல். எனாமல் மெலிய மெலிய உள்ளே இருக்கும் டென்டினின் மஞ்சள் இன்னும் பளிச்சென்று வெளியே வரும். வெளுக்க ஆரம்பித்தவர் மஞ்சளில் போய் நிற்பார். போதாக்குறைக்கு, ஐஸ் தண்ணீர் குடித்தால் உச்சி வரை கூசும்.

*

அமிலத்தால் பல்லை வெளுக்கும் கூத்தை மனிதன் நேற்று கண்டுபிடிக்கவில்லை.

16-ம் நூற்றாண்டு இங்கிலாந்து. சர்க்கரை பணக்காரர்களின் பண்டமாக இருந்த காலம். முதலாம் எலிசபெத் ராணியை 1598-ல் நேரில் பார்த்த பால் ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மானியப் பயணி, ராணியின் உடை, நகை எல்லாவற்றையும் வர்ணித்துவிட்டு, பற்கள் கறுப்பு என்றும் எழுதி வைத்திருக்கிறார். சர்க்கரையை அளவு மீறித் தின்பதால் ஆங்கிலேயர்களுக்கு வருகிற குறை இது என்பது அவர் கணிப்பு. சரியான கணிப்பு.

கறுத்த பல்லை வெளுக்க அன்றைக்கு ஆள் யார்? நாவிதர்தான். முடி வெட்டுபவரும் அவரே, கட்டி அறுப்பவரும் அவரே, பல் பிடுங்குபவரும் அவரே. உலோகச் சுரண்டியால் பல்லைச் சுரண்டுவார். பிறகு, 'அக்வா ஃபோர்ட்டிஸ்' என்ற திராவகத்தைத் தொட்டுத் தடவுவார். அது வேறொன்றுமில்லை, நைட்ரிக் அமிலம். பொற்கொல்லர் பட்டறையில் வெள்ளியையே கரைக்கிற சரக்கு. பல் பளபளக்கும். சில வருஷத்தில் பல்லே இருக்காது.

அந்தக் காலத்திலேயே இதைப் பார்த்து ஒருவர் எச்சரித்தார். ஹ்யூ பிளாட் என்பவர். 1600-களின் தொடக்கத்தில் சீமாட்டிகளுக்காக அவர் போட்ட சமையல், அழகுக் குறிப்புப் புத்தகத்தில், இந்தத் திராவகத்தைச் சரியாக நீர்க்கச் செய்யாமல் நாலு தடவை தடவிக்கொண்டால் சாப்பாட்டு வேளைக்குப் பல் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்று நக்கலடித்திருக்கிறார். 400 வருஷத்துக்கு முந்தைய அழகுக் குறிப்புப் பக்கத்தில் இருந்த ஜாக்கிரதை உணர்ச்சி, பிற்காலத்துப் பக்கங்கள் பலவற்றில் இல்லை என்பதுதான் வேடிக்கை.

கதை 20-ம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அமெரிக்காவில் டார்ட்டராஃப் என்ற பெயரில் ஒரு பல் வெளுப்பான் விற்றார்கள். பாட்டிலுக்குள் இருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

*

சரி, பழத்துக்குப் பல் வைத்தியர் பட்டம் எப்படிக் கிடைத்தது?

எலுமிச்சைக்கு அந்தக் கௌரவம் நியாயமாகவே கிடைத்தது. 1747-ல், பிரிட்டிஷ் கப்பற்படையின் 'சாலிஸ்பரி' கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர். மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற வியாதி வரும். ஈறு வீங்கிக் கறுத்து, ரத்தம் கசிந்து, பல் ஒவ்வொன்றாக ஆடி விழும். கடைசியில் ஆளே போய்விடுவார். லிண்ட் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், இப்படி ஆளுக்கொரு வைத்தியம். ஒரு ஜோடிக்கு மட்டும் தினம் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆறே நாளில் பழம் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஆனால், அதற்குள்ளாகவே பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தயார்!

1753-ல் லிண்ட் இதைப் புத்தகமாகவே போட்டார். கப்பற்படைத் தலைமை அசைந்துகொடுத்து எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு என்று முடிவெடுத்தது 1795-ல். அரசாங்க ஃபைல் எந்த ஊரிலும் அரசாங்க ஃபைல்தான்.

எலுமிச்சை லட்சக்கணக்கான பற்களைக் காப்பாற்றியது உண்மை. எப்படி? வயிற்றுக்குள் போய், வைட்டமின் சி ஆகி, ரத்தத்தில் கலந்து, ஈறை இறுக்கி. பல்லின் மேல் தேய்த்து அல்ல. 'எலுமிச்சை பல்லுக்கு நல்லது' என்ற வாக்கியம் மட்டும் ஊர் ஊராகப் பயணம் போனது. அதை விழுங்க வேண்டும் என்ற பாதி, வழியில் எங்கோ தவறி விழுந்துவிட்டது.

ஸ்ட்ராபெர்ரியின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1653-ல் வெளிவந்த நிக்கலஸ் கல்பெப்பரின் மூலிகைப் புத்தகம் இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. அதில் ஸ்ட்ராபெர்ரியின் இலையையும் வேரையும் கொதிக்கவைத்துக் கொப்பளித்தால் ஆடும் பல் இறுகும், புண்ணான ஈறு ஆறும் என்று இருக்கிறது. பல் இறுகும் என்றுதான் சொன்னார் மனிதர். வெளுக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் இலையிலிருந்து பழத்துக்குத் தாவினார்கள். 1931-ல் திருமதி கிரீவ் என்பவர் வெளியிட்ட பெரிய மூலிகைக் களஞ்சியத்தில் பழச்சாற்றைப் பல்லில் ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, பிறகு ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவினால் கறை போகும் என்று செய்முறையே வந்துவிட்டது. ஸ்ட்ராபெர்ரியும் சோடாவும் ஜோடி சேர்ந்தது இப்படித்தான். இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிற குறிப்பின் தாத்தா இது.

இத்தனைக்கும், அதற்கு நாற்பது வருஷம் முன்பே விஷயம் விளங்கிவிட்டது. பெர்லினில் வேலை செய்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லபி மில்லர், 1890-ல் ஒரு புத்தகம் எழுதினார். வாயில் இருக்கும் கிருமிகள், நாம் தின்னும் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம்தான் பல்லைக் கரைத்துச் சொத்தையாக்குகிறது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். எதிரி அமிலம் என்று தெரிந்துவிட்டது. அந்த எதிரியைத்தான் நாம் எலுமிச்சை மூடியில் வைத்து, கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

1947-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டாஃப்னே, லவ்ஸ்டெட் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலுமிச்சைச் சாறும் மற்ற அமில பானங்களும் பல்லை எப்படிக் கரைக்கின்றன என்பதே அதன் விஷயம். உடம்புக்கு நல்லது என்று நம்பித் தினமும் எலுமிச்சைச் சாறு குடித்து வந்தவர்களின் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. தண்ணீரில் கலந்து குடித்ததற்கே இந்தக் கதி. நேரடியாகத் தேய்த்தால்?

ஸ்ட்ராபெர்ரி வழக்கின் தீர்ப்பு 2014-ல் வந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சோ ரான் குவான் என்ற பல் மருத்துவப் பேராசிரியர், பிடுங்கிய பற்களை வைத்துக்கொண்டு ஒரு பரிசோதனை செய்தார். ஒரு பக்கம் ஸ்ட்ராபெர்ரியும் சமையல் சோடாவும் கலந்த வீட்டு வைத்தியம். மறுபக்கம் கடையில் விற்கும் வெளுப்புப் பட்டைகளும் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்துகளும். மற்றவை வெளுத்தன. ஸ்ட்ராபெர்ரிக் கலவை மேலோட்டமான அழுக்கை எடுத்ததோடு சரி, பல்லை வெளுக்கவில்லை. வெளுக்காவிட்டால்கூடத் தொலையட்டும், எனாமலின் கடினத்தன்மையை 10 சதவிகிதம் வரை குறைத்துவிட்டது. லாபம் பூஜ்ஜியம், மூலதனத்தில் பத்து சதவிகிதம் காலி. எந்த ஆடிட்டர் இதை ஒப்புக்கொள்வார்?

*

மற்ற பழங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

வாழைப்பழத் தோல். இதில் பொட்டாசியமும் மெக்னீசியமும் இருக்கிறது, அது பல்லுக்குள் புகுந்து வெளுக்கும் என்பார்கள். தோலைத் தேய்த்தால் தாது பல்லுக்குள் புகுந்து நிறம் மாற்றுவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. அமிலம் குறைவு என்பதால் பெரிய கெடுதலும் இல்லை. பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை மாட்டுக்குப் போடுங்கள். மாடாவது சந்தோஷப்படும்.

பப்பாளி கொஞ்சம் கவனிக்க வேண்டிய ஆசாமி. ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்கள் அல்லவா? காயின் பாலில் இருக்கும் பாப்பெய்ன் என்ற நொதி, புரதத்தை வெட்டிப்போடும். பல்லின் மேலும் எச்சிலிலிருந்து படியும் மெல்லிய புரதப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். டீ, காபி, புகையிலைக் கறை முதலில் ஒட்டுவது அதில்தான். படலத்தை வெட்டினால் கறை கழன்றுவரும் என்ற கணக்கில், பாப்பெய்னைச் சேர்த்து விற்ற, விற்கிற பற்பசைகள் உண்டு. அது பிரித்தெடுத்து அளந்து சேர்த்த நொதி. பழுத்த பப்பாளித் துண்டைப் பல்லில் தேய்ப்பது அதற்கு ஈடாகாது. பழுக்கப் பழுக்க அந்தப் பால் குறைந்துவிடும்.

அப்படியானால் பல்லை நிஜமாகவே வெளுப்பது எது? ஹைட்ரஜன் பெராக்ஸைடு. 1818-ல் தெனார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்தது. எனாமலைக் கரைக்காமல் அதற்குள் ஊடுருவி, நிறம் தருகிற மூலக்கூறுகளை உடைக்கும். வீட்டில் உறங்கும்போதே பல் வெளுக்கும் முறை வந்ததோ தற்செயலாக. 1960-களின் கடைசி. அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் பில் க்ளஸ்மியர் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், நோயாளியின் ஈறுப் புண்ணுக்காக, இதே வகையறா மருந்து ஒன்றைக் கிளிப்பில் ஊற்றி இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். புண் ஆறியது. கூடவே பல்லும் வெளுத்திருந்தது. இதை ஒழுங்காக ஆராய்ந்து ஹேவுட், ஹேமன் என்ற இருவர் 1989-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் அது உலகம் முழுக்கப் பெரிய வியாபாரமானது.

இதுவும் விளையாட்டுச் சாமான் இல்லை. பல் கூசும், ஈறு புண்ணாகும். ஐரோப்பிய யூனியனில் 2012 முதல், 0.1 சதவிகிதத்துக்கு மேல் 6 சதவிகிதம் வரை பெராக்ஸைடு உள்ள சரக்கைப் பல் மருத்துவருக்கு மட்டும்தான் விற்கலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போடக் கூடாது.

*

இத்தனை பாடும் எதற்கு? வெள்ளைப் பல்தான் அழகு என்பதற்காக. அதுவாவது நிச்சயமா?

ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகக் கறுப்புப் பல்தான் அழகு. ஒஹகுரோ என்று பெயர். இரும்பைக் காடியில் ஊறவைத்து, அதோடு துவர்ப்பான ஒரு மரக்கட்டியின் தூளைச் சேர்த்துப் பல்லில் பூசுவார்கள். மை தயாரிக்கும் அதே ரசாயனம். கல்யாணமான பெண் என்றால் பல் மை மாதிரி மின்ன வேண்டும். 1870-ல் பிரபுக் குடும்பங்களுக்கு அரசாங்கம் இதைத் தடை செய்தது. 1873-ல் பேரரசியே வெள்ளைப் பல்லோடு வெளியே வந்தார். சில வருஷங்களில் அழகு நேர் எதிராகத் திரும்பிவிட்டது. பல் அப்படியேதான் இருந்தது, பார்க்கிற கண்தான் மாறியது.

ஆனால், 'எல்லாம் பார்வையில்தான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நகர முடியாத கறை ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துவந்தேன்.

1901-ல் ஃப்ரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்து கிளினிக் திறந்தார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை. சிலருக்குச் சாக்லேட் நிறம். தேய்த்தாலும் போகாது, சுரண்டினாலும் போகாது. பன்றிக்கறி அதிகம் தின்பதால் என்றார்கள் சிலர், கெட்ட பால் என்றார்கள் சிலர். 1909-ல் ஜி.வி.பிளாக் என்ற மிகப் பெரிய பல் மருத்துவர் வந்து சேர்ந்துகொண்டார். ஊரிலேயே பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட 90 சதவிகிதம் பேருக்குக் கறை இருந்தது. வளர்ந்த பிறகு அங்கே குடிவந்தவர்களுக்கு மட்டும் வரவில்லை. ஆக, எனாமல் உருவாகும் வயதிலேயே ஏதோ ஒன்று உள்ளே புகுந்துவிடுகிறது.

1923-ல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து மெக்கேவுக்கு அழைப்பு. அங்கே விஷயத்தைக் கண்டுபிடித்தது டாக்டர்கள் இல்லை, அம்மாக்கள். ஐந்து மைல் தள்ளியிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளின் பல் கறையாகிறது என்றார்கள். குழாயைக் கைவிடுங்கள், வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்றார் மெக்கே. மாறினார்கள். சில வருஷங்களில் புதிதாக முளைத்த பற்கள் வெள்ளையாக வந்தன. 1931-ல், அலுமினியக் கம்பெனி ஒன்றின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில், தண்ணீரில் இருந்த குற்றவாளியைக் கண்டுபிடித்தார். ஃப்ளோரைடு. கொஞ்சமாக இருந்தால் சொத்தையைத் தடுக்கும் அதே ஃப்ளோரைடு, அளவு மீறினால் பல்லைக் கறையாக்கும், இன்னும் மீறினால் எலும்பையும் முடக்கும்.

அடுத்த செய்தி நம் பக்கத்திலிருந்து வந்தது. 1937-ல், அன்றைய மெட்ராஸ் ராஜதானியின் நெல்லூர் ஜில்லாவில் ஷார்ட் என்ற மருத்துவரும் அவரது சகாக்களும் இதே வியாதியைப் பதிவு செய்தார்கள். பல்லோடு நிற்கவில்லை. முதுகெலும்பு விறைத்துக் குனிய முடியாமல் போனவர்கள் இருந்தார்கள். நம் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தப் பழுப்புப் பல்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அரசாங்கப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் என்ற வார்த்தை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் அந்தத் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்ததற்கு, தாகம் மட்டும் காரணமில்லை. பல்லும் எலும்பும் காரணம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் ஒரு கல்லூரிப் பெண். 'ஒழுங்காப் பல் தேய்க்க மாட்டியா?' என்று கேட்டுக் கேட்டே அவளைச் சிரிக்க விடாமல் செய்துவிட்டோம். அவளுக்கு நாம் கொடுக்கும் வைத்தியம், எலுமிச்சைத் தோல். அவள் கறை பல்லின் மேலே இல்லை. பல் உருவாகும்போதே உள்ளே எழுதப்பட்டது. அதை எலுமிச்சை தொடக்கூட முடியாது. ஏற்கெனவே பலவீனமான எனாமலை மேலும் கரைக்கத்தான் முடியும். பல் மருத்துவரிடம் வழி உண்டு. 1916-லேயே கொலராடோ ஸ்பிரிங்ஸில் வால்டர் கேன் என்பவர், இந்தக் கறைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே பயன்படுத்திப் பார்த்தார். அதன் திருத்திய வடிவம் இன்றும் இருக்கிறது. ஈறுக்கு ரப்பர் திரை கட்டி, அளந்து, மிக மெல்லிய அடுக்கை மட்டும் எடுப்பார்கள். கறை ஆழமென்றால் மேலே பூச்சு. அமிலம் அங்கேயும் உண்டுதான். ஆனால், எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் கையில் அது இருக்கிறது.

*

ஆகவே, கண்ணாடி முன் நிற்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதைத் தேய்க்கலாம் என்பதல்ல. என் கறை எந்தக் கறை என்பதுதான்.

டீ, காபி, வெற்றிலை, சிகரெட் கறை மேலே ஒட்டியது. காரை படிந்திருந்தால் பல் மருத்துவர் ஸ்கேலிங் செய்து எடுத்துவிடுவார். 'ஸ்கேலிங் செஞ்சா பல் ஆடும்' என்ற பயம் வேண்டாம். காரைதான் ஈறைப் பின்னுக்குத் தள்ளிப் பல்லை ஆட்டுகிறது. அதை எடுத்த பிறகு, மறைந்திருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வயசாவதால் வரும் மஞ்சள் உள்ளே இருக்கும் டென்டினின் நிறம். அது நோயே இல்லை. ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாகக் கறுத்தால் உள்ளே நரம்பு செத்திருக்கலாம். உடனே காட்டுங்கள். பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் பட்டை தெரிந்தால், குடிக்கிற தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது.

புளிப்பான பழமோ ஜூஸோ சாப்பிட்ட கையோடு பிரஷ்ஷை எடுக்காதீர்கள். அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் வாரிக்கொண்டு போகும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். எச்சில் தன் பூச்சு வேலையைப் பார்க்கட்டும்.

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பற்றி நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பள்ளிக்கூடச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். அது பல்லுக்கு வாக்குக் கொடுப்பது உறுதியை மட்டும்தான். வெண்மையைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. எங்கோ இங்கிலாந்தில் ஸ்ட்ராபெர்ரி இலையைக் கொதிக்கவைத்த கல்பெப்பரும் அதையேதான் சொன்னார்.

எலுமிச்சையை ரசத்தில் பிழியுங்கள். சாதத்தில் பிழியுங்கள். மிச்சமிருக்கும் மூடியால் குத்துவிளக்கைத் தேயுங்கள். விளக்கு தேய்ந்தால் கும்பகோணத்தில் புதுசு வாங்கிக்கொள்ளலாம்.